பதினேழு பேர் பெற்ற வாத்து

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, நர்ஸம்மா வீட்டு அட்டைப்பெட்டியில் இருந்த வாத்து முட்டையில் முதல் விரிசல் விழுந்தது. அதே நிமிடம் அந்தத் தெருவின் ஆண்கள் பதினேழு பேருக்கும் பிரசவ வலி கண்டது. மீசை முளைத்த ஆண்கள் அங்கே மொத்தமே பதினேழு பேர்தான் என்பதால், தன்னை விட்டுவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொள்ள யாருக்கும் இடமில்லாமல் போயிற்று. சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்; நாற்காலியில் இருந்தவர் பக்கத்துத் தெரு ஆசாமி, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பாதி மீசையோடு வீட்டுக்கு நடந்து போனார். பிளம்பர் மூன்று தெரு தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் வேலையாக இருந்தார். தூரம் பாராமல் அவரையும் வலி தேடிப் பிடித்தது. மருந்துக்கடைக்காரர் தன் கடை மாத்திரையை அன்றுதான் முதன்முதலாகத் தானே விழுங்கிப் பார்த்தார், பலனில்லை. மூலைவீட்டு டாக்டர், பேங்க் மேனேஜரின் வயிற்றை அமுக்கிப் பார்த்து வாயுக்கோளாறு என்று சொல்ல ஆரம்பித்து, பாதி வார்த்தையில் அடுத்த வலி வர, நோயாளியின் கட்டிலிலேயே சரிந்தார்.

நர்ஸம்மா பிரசவ வார்டில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. சும்மா இருக்கத் தெரியாத பெண்மணி. முதல் வாரம் தன் அலமாரியை அடுக்கினார், இரண்டாம் வாரம் கணவருடைய அலமாரியை அடுக்கினார், மூன்றாம் வாரம் கணவரையே அடுக்கத் தொடங்கியபோது அவர் லீவு நாளிலும் டியூட்டிக்குப் போக ஆரம்பித்தார். அவர் பஸ் கண்டக்டர். இந்த நிலையில்தான் வாய்க்கால் ஓரத்தில் அடைகாத்த வாத்து ஒன்று, பொரிந்த எட்டுக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, பொரியாத ஒன்பதாவதைத் திரும்பிக்கூடப் பாராமல் போய்விட்டது. நர்ஸம்மா அந்த முட்டையை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே ஏதோ அசைந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் துணி விரித்து, மேலே பல்பைத் தொங்கவிட்டு, பழைய டைரியில் கேஸ் ஷீட் எழுதினார். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் வாத்து என்று எழுதி, கணவர் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டார்.

விரிசல் விழுந்த அன்று கண்டக்டருக்கு மதிய ஷிப்ட். பெட்டி இருந்த அறையில் பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தவர் ஒற்றைக் காலில் நின்றபடியே அலறினார். நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தார். குஞ்சு உள்ளிருந்து முட்டினால் இவர் கத்துகிறார். குஞ்சு ஓய்ந்தால் இவர் டீ கேட்கிறார். மூன்று முறை சரிபார்த்துவிட்டு, தெருவில் இறங்கி ஒரு நடை போய் வந்தார். வாசலுக்கு வாசல் இதே கதைதான். டைரியைத் திறந்து, காலியாக இருந்த இடத்தில் பதினேழு பேர் என்று எழுதினார். அதற்குமேல் இதில் ஆச்சரியப்பட அவருக்கு நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் குஞ்சு சிக்கிக்கொண்டிருந்தது.

சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை போட்டதோடு அதனால் முடியவில்லை. தாய் விட்டுப்போன நேரத்தில் ஓட்டுக்கு அடியில் உள்ள சவ்வு காய்ந்து காகிதம் மாதிரி ஆகி, குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டது. நர்ஸம்மா முள் எடுக்கும் இடுக்கியால் ஓரத்தில் ஒரு சில்லை மெல்லப் பெயர்த்தார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. உடனே கையை எடுத்துவிட்டார். சவ்வின் நரம்புகளில் இன்னும் ரத்தம் ஓடுகிறது, மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் இழுபடவில்லை. இப்போது பிய்த்து எடுத்தால் கையில் வருவது செத்த குஞ்சாகத்தான் இருக்கும். நாளை மதியம் வரை பொறுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துச் சவ்வை ஈரமாக வைத்திருப்பதைத் தவிர அதுவரை செய்ய ஒன்றுமில்லை.

இதைத் தெருவுக்குச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அரைமணி நேரத்தில் ஆண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே வந்து சேர்ந்தார்கள். ட்யூஷன் வாத்தியார் எல்லோருக்குமாகப் பேசினார். “உடைச்சு விட்டுடுங்க நர்ஸம்மா. ஒரு வாத்து. இங்க பதினேழு உசிரு துடிக்குது.” பின்னால் நின்ற பெண்கள் யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. முதல் பிரசவம், கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும் என்று சலூன்காரரின் மனைவி மற்றவர்களிடம் சொன்னார். நர்ஸம்மா எல்லோரையும் போய்ப் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

உள்ளே கண்டக்டர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தார். முட்டைக்குப் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, அவருக்கு வலியும் கூடுதல். நர்ஸம்மா பழக்க தோஷத்தில், “கத்தாதீங்க! உலகத்துல நீங்க மட்டும்தான் பெக்கறீங்களா?” என்று ஒரு அதட்டல் போட்டார். முப்பத்திரண்டு வருடமாக எத்தனையோ ஆயிரம் பெண்களிடம் சொன்ன வார்த்தை. அதைக் கேட்டதும் கணவரின் முகம் அடிபட்ட குழந்தை முகம்போலச் சுருங்கியது. அந்த ஆயிரம் முகங்களையும் சேர்த்து அப்போதுதான் நர்ஸம்மா பார்த்தார். வெட்கமாக இருந்தது. நெற்றியைத் துடைத்துவிட்டு, “சரி, கத்துங்க,” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து கண்டக்டர் கேட்டார். “நம்ம பையன் பொறந்தப்பவும் உனக்கு இப்படியா இருந்துச்சு?”

“இதைவிட ஜாஸ்திங்க.”

“நான் எங்க இருந்தேன்?”

“ஏழாம் நம்பர் பஸ்ல. சாயந்தரம் வந்தீங்க. மூக்கு என்னை மாதிரின்னீங்க. போயிட்டீங்க.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அழுதார். வலியால் அழுதாரா என்பது டைரியில் இல்லை.

மறுநாள் காலை பதினாறு பேரும் பொறுமை தீர்ந்து வந்தார்கள். நர்ஸம்மா அடுப்படியில் பஞ்சுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். பிளம்பர் பைப் ஸ்பேனரோடு நேரே பெட்டி இருந்த அறைக்குள் போய், ஒரே தட்டு, எல்லாருக்கும் விடிவு என்று கையை ஓங்கிவிட்டார். அப்போது ஒரு நாளாக எழுந்திருக்காத கண்டக்டர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து, பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, நெரிசல் பஸ்ஸை ஒரே சத்தத்தில் நிறுத்துகிற அந்தக் குரலில் கத்தினார். “எவனாவது தொட்டான், நடக்கறதே வேற! எனக்கு மட்டும் இனிக்குதா? அது இன்னும் தயாராகலைய்யா. ஆனதும் வரும். பேசாம படுங்க!” அந்த நேரம் பார்த்து அடுத்த வலி வர, ஸ்பேனர் பிளம்பரின் காலிலேயே விழுந்தது, இருந்த வலியில் அதை அவர் கவனிக்கவே இல்லை. திரும்பி நடக்கத் தெம்பில்லாமல் அத்தனை பேரும் நர்ஸம்மா வீட்டு ஹாலிலேயே வரிசையாகப் படுத்தார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தோடு வாசற்படியில் நின்ற நர்ஸம்மாவுக்கு, கல்யாணமாகி முப்பது வருடத்தில் முதன்முறையாகத் தன் புருஷன்மேல் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மதியம் மூன்று மணிக்குச் சவ்வு வெளுத்திருந்தது. நரம்பில் சிவப்பு இல்லை. நர்ஸம்மா ஓட்டின் மேல்மூடியைச் சுற்றிலும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இடுக்கியால் தளர்த்திக் கொடுத்தார், மிச்சம் அதன் பாடு. பெட்டியை ஹாலுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்து, “இப்ப முக்குங்க,” என்றார். யாரிடம் சொன்னார் என்று யோசிக்காமல் எல்லோரும் முக்கினார்கள். கண்டக்டர் வாயைத் திறந்தால் வருவது அதுதான் என்பதால், “எறங்கு, எறங்கு, பார்த்து எறங்கு!” என்று கத்தினார். மூன்று நாற்பத்திரண்டுக்கு மூடி தெறித்தது. நனைந்த துடைப்பக்கட்டை மாதிரி ஒன்று வெளியே விழுந்து, தலையைத் தூக்கி, பதினேழு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. வலி நின்றது.

அது யார் சாயல் என்று ஹாலில் ஒரே தகராறு. பேங்க் மேனேஜர் தன் கழுத்து என்றார், டாக்டர் கண்ணைச் சொன்னார். கண்டக்டர் மட்டும் குஞ்சைப் பார்க்கவில்லை. எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மனைவிக்குப் பின்னால் போட்டார். “நேத்து காலையிலேர்ந்து நிக்கறே. உக்காரு.” ஆயிரக்கணக்கான பிரசவங்களில் இந்த ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. நர்ஸம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது, வார்டில் ஒருநாளும் அழாதவர்.

அதற்குப்பின் அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கு வலி கண்டாலும் பதினேழு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து, எனக்குத் தெரியும்மா, மூச்சை இழுத்து விடு என்று ஆளாளுக்குச் சொல்லி, தொல்லை தாங்காமல் விரட்டப்படுகிறார்கள். வாத்து வளர்ந்து கண்டக்டரோடு ஏழாம் நம்பரில் போய்வருகிறது. முன்சீட்டில் ஜன்னல் ஓரம் அதற்கு. மூன்றாம் வருடம் அது ஆறு முட்டை இட்டு அடைகாக்க உட்கார்ந்தது. நர்ஸம்மா விரலில் நாள் எண்ணித் தேதி சொன்னார். ஆண்கள் நான்கு நாள் லீவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் வாத்து என்று போட்டிருந்தது. ஆபீசில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரட்டை முட்டை இருந்தால் இன்னொரு நாள் சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி மட்டும் சொன்னார்கள்.