அண்ணன் சொன்ன வியாதி

அவள் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். காலையில் கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையாதபடி இரண்டு கையிலும் கணுக்கள் வீங்கத் தொடங்கியபோது, முதலில் தீர்ப்புச் சொன்னது டாக்டர் இல்லை, அண்ணன்.

"கவுட்தான். எனக்குக் கால் பெருவிரல்ல வந்துச்சு, உனக்குக் கையில வந்திருக்கு. நம்ம ரத்தம் அப்படி."

பரிசோதனையில், கவுட் என்கிற மூட்டுவலிக்குக் காரணமான யூரிக் அமிலம் கொஞ்சம் கூடியிருந்தது. அண்ணன் அதையே பிடித்துக்கொண்டான். அவள் தட்டிலிருந்து கறி போனது, மீன் போனது, பருப்பும் போனது. தன் மாத்திரையையே அவளுக்கும் கொடுத்தான். வலி குறையவில்லை என்றால், "நாக்கைக் கட்டலைன்னா எப்படிக் குறையும்?" என்பான். அண்ணி தலையாட்டுவாள். அழகு நிலைய முதலாளியம்மா அவளைத் தலை அலசும் வேலைக்கு மாற்றிவிட்டாள்.

ஒரு வருஷம் போனபின் அவளே மூட்டு டாக்டரிடம் போனாள். அந்த டாக்டரம்மா ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார்.

"காலையில விறைப்பு இருக்கா?"

"மத்தியானம் ஆகுற வரைக்கும் பட்டன் போட முடியாது."

"கவுட் பெரும்பாலும் ஒரு மூட்டுல திடீர்னு நெருப்பா வரும், கொஞ்ச நாள்ல அடங்கிடும். உங்களுக்கு ரெண்டு கையிலயும் ஒரே இடத்துல, அடங்காம இருக்கு. யூரிக் அமிலம் ஏறினவங்க எல்லாருக்கும் கவுட் இல்ல. இது முடக்குவாதம் மாதிரி தெரியுது."

அடுத்தடுத்த பரிசோதனைகளும் அதையே சொல்லின. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் அரித்திருந்தது.

"அரிச்சது திரும்பாது. இனிமே அரிக்காம பார்த்துக்கலாம்."

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான்.

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றான், எல்லாம் கேட்டபின்.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டே. என் நாக்கைக் கட்டச் சொன்ன நீ, முதல்ல உன் நாக்கைக் கட்டியிருக்கணும்."

"மூத்தவர்கிட்ட இப்படியா பேசுறது?" என்றாள் அண்ணி.

"நான் பருப்புகூடத் தின்னாம கிடந்தப்போ தலையாட்டினீங்களே அண்ணி, இப்பவும் ஆட்டுங்க."

புது மருந்தில் வீக்கம் மெல்ல வடிந்தது. மறுபடியும் கத்தரிக்கோல் பிடித்தாள். வலது மோதிர விரல் மட்டும் நிமிரவே இல்லை; நடுவிரலில் மாட்டி வெட்டப் பழகினாள்.

ஒருநாள் அண்ணன் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இவருக்கு வேற யாராவது வெட்டட்டும்" என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.