பின்பாரம்

இடுப்புக்குள் யாரோ ஆப்பை அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோன மாதிரி வலித்தது. கோடை முழுக்கப் பள்ளத்துக்குள் குனிந்து நின்று, அண்ணன் வெல்டிங் போட்ட குழாய்களைக் கிரைண்டரால் தேய்த்துக் கொடுத்ததன் பலன். பிக்கப்பின் பின்சீட்டில் நிமிர்ந்து உட்காரவும் முடியவில்லை, கால் நீட்டிப் படுக்கவும் இடமில்லை. முன்சீட்டின் முதுகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நடந்ததை முழுசாகப் பார்த்தது அதனால்தான்.

ஓட்டியது ரோவீனா அண்ணி.

பைப்லைன் வேலைக்காரர்கள் மத்தியில் ஆம்பளைதான் ட்ரெய்லரை இழுப்பான். பெண்டாட்டி காரில் பின்னால் வருவாள். எங்களிடம் அது தலைகீழ். என் அண்ணன் க்ளெல் வெல்டிங்கில் கெட்டிக்காரன். அவன் ஒட்டிய இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர்கள் பேசாமல் அடுத்த குழாய்க்குப் போவார்கள். ஆனால் ட்ரெய்லரைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னால் அவனுக்கு வியர்த்துவிடும். நெப்ராஸ்காவில் ஒரு முகாமில் குடிதண்ணீர்க் குழாய் மேல் ஏற்றி, அந்த வரிசைக்கே தண்ணீர் இல்லாமல் செய்தான். அன்றோடு சாவி அண்ணி கைக்குப் போனது.

"என்ன க்ளெல், உன் டிரைவரம்மா இன்னைக்கும் லீவு போடலையா?" என்று கிளம்பும்போதெல்லாம் எவனாவது கேட்பான்.

"வயிறு எரியாதடா. உனக்கெல்லாம் இப்படி ஒருத்தி கிடைச்சா சாவியோட சேத்து வீட்டையும் எழுதிக் குடுத்திருப்ப" என்பான் அண்ணன்.

வீடு என்று எங்களுக்கு இருந்தது அந்த ட்ரெய்லர்தான். ஒக்லஹோமாவில் இருந்த வீட்டை விற்று வாங்கியது. முன்பக்கம் அவர்கள் படுக்கை, நடுவில் அடுப்பும் மேசையும், மேசையை மடக்கினால் என் படுக்கை. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த வசந்தத்தில் இன்சூரன்ஸ் கட்டாமல் விட்டுப்போயிற்று. ரோட்டில் கவிழ்ந்தால் அத்தோடு சரி. குளிர்காலம் வரப்போகிற வயோமிங்கில் மூன்று பேரும் பிக்கப்புக்குள் முடங்கிப் படுக்க வேண்டியதுதான். இது மூவருக்கும் தெரியும். அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பாரம் ஏற்றுவதை அண்ணி யாரிடமும் விடமாட்டாள். இரும்பு, டப்பா, பீங்கான் தட்டு எல்லாம் முன்னால். மெத்தை, துணி பின்னால். ஏற்றி முடித்து பிக்கப்பில் கொக்கி மாட்டியதும், பிக்கப்பின் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்து பம்பருக்கும் தரைக்கும் நடுவே சாண் வைத்துப் பார்ப்பாள். கொக்கியில் முன்பாரம் இறங்கினால் பம்பர் இவ்வளவு தாழ வேண்டும் என்று அவள் கையில் ஒரு கணக்கு. தாழாவிட்டால் உள்ளே போய்ப் பெட்டிகளை முன்னால் தள்ளுவாள். அந்தத் தடவையும் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அதைச் செய்துவிட்டுத்தான் படுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஃபலோ ஊரை விட்டுப் பிக்ஹார்ன் மலையில் ஏறினோம். மலைக்கு அந்தப் பக்கம், வோர்லண்ட் ஊருக்கு வெளியே புது லைன் போடுகிறார்கள். எங்கள் வண்டியின் சரக்குத் தட்டில் வெல்டிங் மெஷின், பின்னால் வீடு. ஆனாலும் அந்த டீசல் முக்கவில்லை. ஏற்றத்தில் அதன் குரல் தாழ்ந்து கனத்ததே தவிர இரைக்கவில்லை. அண்ணி அதை விரட்டவும் மாட்டாள். எந்த இடத்தில் கியர் தானாக இறங்கும் என்று அவளுக்குத் தெரியும், அதற்குக் கொஞ்சம் முன்பே காலைத் தளர்த்திவிடுவாள். வண்டி அவளிடம் கேட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும்.

"இன்னைக்கு ஒரு மாதிரி போகுது" என்றாள் பாதி மலையில்.

"காத்துடி."

"காத்து எனக்குத் தெரியாதா? இது வேற. பின்னாடி எவனோ வாலப் புடிச்சு வெளையாடுற மாதிரி இருக்கு."

"எல்லாம் உன் பீங்கான் தட்டு பண்ற வேலை. ராணி வீட்டுச் சீர் மாதிரி ஏத்திக்கிட்டு வந்தா?"

"தட்டு முன்னாடி இருக்கு. நீ வாயை மூடிட்டு விதையைக் கொறி."

அண்ணன் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் குவளையில் துப்பினான். அண்ணி வேகத்தைக் குறைத்தாள். கணவாய் உச்சியில் நிறுத்திப் பார்க்கலாம் என்றாள். உச்சியில் ஒதுங்கும் இடம் முழுக்க வேட்டைக்காரர்களின் வண்டிகள். நிறுத்த இடமில்லை. இறக்கத்தில் விட்டாள்.

இரண்டு பக்கமும் பாறையை வெட்டிப் போட்ட நேரான ரோடு. பாறை முடிந்து வெட்டவெளி வந்த இடத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. நான் வெளிக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ட்ரெய்லரின் பின்பக்கம் பள்ளத்தின் பக்கம் போய்த் திரும்பி வந்தது, எதிர்ப்பக்கம் போனது. மறுபடி வந்தபோது முன்னைவிட அதிகமாகப் போனது. அடுத்த ஆட்டத்தில் பிக்கப்பின் பின்சக்கரங்களையும் சேர்த்து இழுத்தது. கண்ணாடியில் எங்கள் வீட்டின் பக்கச் சுவர் முழுசாகத் தெரிந்தது. பின்னால் வர வேண்டிய வீடு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"பிரேக்க அடி! அடிடி ரோவீனா!" அண்ணன் இரண்டு காலாலும் தரையை மிதித்தான்.

அடித்தால் பிக்கப் நிற்கும், ட்ரெய்லர் நிற்காது. எங்களைச் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போகும், கொக்கியோடு எங்களையும் கூட்டிக்கொண்டு. அண்ணி பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஸ்டீயரிங்கை ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பவும் இல்லை. இடது கையால் அதை நேராகப் பிடித்துக்கொண்டு, வலது கையை டாஷ்போர்டுக்கு அடியில் கொண்டுபோனாள். ட்ரெய்லர் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் கொடுக்கிற சின்ன நெம்புகோல் அங்கே இருக்கிறது. கட்டைவிரலால் அதைத் தள்ளினாள். குழந்தை வாயில் மருந்து விடுகிற மாதிரி, கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

பின்னால் டயர்கள் அலறின. வீடு எங்களைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தது. ஒரு ஆட்டம் குறைந்தது. அடுத்தது இன்னும் குறைந்தது. கண்ணாடியில் பக்கச் சுவர் ஒடுங்கி, ஓரம் மட்டும் தெரிந்து, அப்புறம் அதுவும் மறைந்தது. வண்டி நேராகிவிட்டது.

"ரோவீனா..." என்றான் அண்ணன்.

"பேசாத."

அவள் சொல்லி முடிக்கவும் ட்ரெய்லரின் வலது பின்டயர் வெடித்தது. அதற்கும் அவள் அசரவில்லை. நெம்புகோலை விடாமல், அடுத்த ஒதுக்குப்புறம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்த பிறகும் வலது கையை அங்கிருந்து எடுக்கவில்லை. எடுத்ததும் அதை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஓர்ரின், காப்பி ஊத்து" என்றாள் என்னிடம். பாதியைச் சிந்திவிட்டுத்தான் கொடுத்தேன்.

குடித்துவிட்டு இறங்கினாள். வெடித்த டயரைப் பார்க்கவில்லை. நேராக பிக்கப்பின் பின்னால் உட்கார்ந்து சாண் வைத்தாள். பம்பர் தூக்கிக்கொண்டு நின்றது. ட்ரெய்லருக்குள் போனாள். தண்ணீர்த் தொட்டியின் அளவு காட்டும் விளக்குகளை அழுத்திப் பார்த்திருக்கிறாள். வாசலில் வந்து நின்றாள்.

"க்ளெல்."

"ம்."

"தொட்டில தண்ணி புடிச்சது யாரு?"

அண்ணன் குவளைக்குள் பார்த்தான். "நாம போற முகாம்ல தண்ணி கனெக்‌ஷன் வர நாளாகும்னு சொன்னானுங்க. நீ வண்டி ஓட்டின அலுப்போட குளிக்காம கிடப்பியேன்னு..."

"எப்ப புடிச்ச?"

"காலைல. நீ தூங்கிட்டு இருந்த. எழுப்ப மனசு வரல."

"நான் பாரம் பார்த்தது நேத்து."

"தண்ணிதானேன்னு..."

"தண்ணிதானா? தொட்டி எங்க இருக்கு? அச்சுக்குப் பின்னாடி. அது ரொம்பினா, நம்ம ஓர்ரின் மாதிரி ரெண்டு ஆளை வீட்டு வாலுல உக்கார வெச்ச மாதிரிய்யா!"

"அவன் திங்கிற தீனிக்கு ஒண்ணரை ஆளுன்னு வெச்சுக்க" என்றான் அண்ணன். சிரிக்க முயன்றான், வரவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஆட்களில் எவனாக இருந்தாலும் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பான். அண்ணி படியிறங்கி வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "குளிப்பேன்னு நெனச்சியே, அது சரி. அடுத்த தடவை எழுப்பு. இப்பப் போய்த் தொட்டியைத் தொற."

அண்ணன் ட்ரெய்லருக்கு அடியில் ஊர்ந்து போய்த் திறந்தான். தண்ணீர் சரளைக்கல் மேல் ஓடி ரோட்டைத் தாண்டியது. மூவரும் நின்று பார்த்தோம்.

டயர்தான் பிரச்சினை. ஸ்டெப்னி ஏற்கெனவே ஒரு சக்கரமாக ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் ஒன்று போனபோது மாட்டியது, பதிலுக்கு வாங்கவில்லை.

"மூணு டயர்ல மெதுவா உருட்டிடலாமா?" என்றான் அண்ணன்.

"முன்னாடி டென் ஸ்லீப் பள்ளத்தாக்கு இருக்கு. அந்தப் பக்கம் மிச்சமிருக்கிற ஒத்த டயரும் வெடிச்சா, அச்சு ரோட்டை உழுதுட்டுப் போகும்."

"அப்ப இதைக் கழட்டி விட்டுட்டு, கீழ போயி வாங்கிட்டு வரலாம்."

"ஞாயித்துக்கிழமை எவன் கடையைத் தொறந்து வெச்சிருக்கான்? கழட்டினா இந்தக் காத்து வீட்டை உருட்டிடும். பிக்கப்தான் இப்ப இதப் புடிச்சுக்கிட்டு நிக்குது. நான் எங்கயும் வரல."

சொன்னது உண்மை. காற்று அடிக்கும்போதெல்லாம் ட்ரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. அண்ணி பிக்கப்பில் ஏறி ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள், போகிற இடம் எதுவும் இல்லாமலே.

வெயில் சாயும் நேரத்தில், மேலிருந்து ஒரு பழைய டீசல் பிக்கப் இறங்கி வந்தது. அதன் பின்னால் ஆட்டுக்காரர்கள் மேய்ச்சலில் தங்குகிற தகரக் கூரை வண்டி. அடுப்புக் குழாய் கூரையில் நீட்டிக்கொண்டிருந்தது. அவனும் வீட்டைத்தான் இழுத்துக்கொண்டு வந்தான். எங்களைத் தாண்டிப் போய் நிறுத்தினான். அறுபது வயதிருக்கும். தூசி படிந்த தொப்பி. இறங்கியவன் எங்களிடம் வராமல் ரோட்டில் மேலே நடந்தான். எங்கள் டயர்கள் போட்ட கறுப்புக் கோடுகள் பாம்பு மாதிரி வளைந்து, வளைவு குறைந்து, கடைசியில் நேராகியிருந்தன. அவற்றின் கூடவே நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"இதை யாருப்பா ஓட்டினது?" என்று அண்ணனைக் கேட்டான்.

அண்ணன் பிக்கப்பைக் காட்டினான்.

அந்த ஆள் கதவருகே போய்த் தொப்பியைக் கழற்றினான். "அம்மா, நான் டொமிங்கோ எலிசால்டே. இந்த மலையில எங்கப்பா காலத்துல இருந்து வண்டி இழுக்கிறோம். அந்த மாதிரி கோடு ரெண்டு மூணு தடவை பார்த்திருக்கேன். எல்லாம் பள்ளத்துலதான் போயி முடிஞ்சிருக்கு."

"எனக்கு வீட்டுக்குப் போகணும்ங்க, வீடு பின்னாடிதான் இருக்கு" என்றாள் அண்ணி.

டொமிங்கோ சிரித்தான். அண்ணன் பக்கம் திரும்பி, "தம்பி, உன் வேலை என்ன?" என்றான்.

"வெல்டருங்க."

"நல்லது. அதையே செய்."

தன் வண்டியின் பக்கத்தில் மாட்டியிருந்த ஸ்டெப்னியைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தான். எங்களுடையதுபோல ஆறு ஓட்டை ரிம், அதே அளவு. எனக்குக் குனிய முடியவில்லை. அவனும் அண்ணனும் ஜாக்கி வைத்து மாட்டினார்கள். நட்டுகளை அண்ணிதான் கடைசியாக முறுக்கினாள், எதிரெதிராக, சுற்றி இரண்டு தடவை.

"உங்களுக்கு வழியில டயர் போச்சுன்னா?" என்று கேட்டாள்.

"எனக்கு வீடு பக்கம்தான். டென் ஸ்லீப் ஊருக்கு வெளிய, வெள்ளை கேட்டு. பதிலுக்கு ஒரு டயர் வாங்கினப்புறம் அந்த கேட்டுல கட்டித் தொங்க விட்டுட்டுப் போங்க." பெயரையும் இடத்தையும் இரண்டு தடவை சொன்னான். தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பள்ளத்தாக்கில் அண்ணி இறக்கியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தாழ்ந்த கியருக்கு மாற்றி எஞ்சின் பிரேக்கைப் போட்டாள். டீசல் தன் மூச்சைத் தானே அடக்கி உறுமியது. மொத்தப் பாரத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது. வளைவுகளில் மட்டும் காலை லேசாக வைத்து எடுத்தாள். ஒரு தடவைகூட அழுத்தி மிதிக்கவில்லை. பின்னால் வீடு, இப்போது முன்பாரம் கொக்கியில் உட்கார, எங்கள் தடத்திலேயே வந்தது. அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரக் குடங்களைப் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நானும் தொட்டேன். அப்போதுதான் வார்த்த காப்பிக் குவளையின் சூடு, அவ்வளவுதான். கருகல் நாற்றமே இல்லை. அந்த ரோட்டில் பிரேக் புகைய இறங்கி வந்த பெரிய லாரிக்காரர்களை எனக்குத் தெரியும்.

இருட்டுவதற்குள் முகாமில் இருந்தோம். அண்ணி ஒரே தடவையில் வீட்டைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினாள். அண்ணன் பக்கத்து ட்ரெய்லர்காரனிடம் இரண்டு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி வந்து அடுப்பில் வைத்தான்.

சம்பளம் வந்ததும் டொமிங்கோவுக்கென்று ஒரு டயரை ரிம்மோடு வாங்கினோம். கொண்டுபோய்க் கொடுக்க விடியல் முதல் இருட்டு வரை வேலை விடவில்லை. லைன் முடிந்த கையோடு எங்களை வடக்கே டகோட்டாவுக்கு அனுப்பினார்கள். பனி அந்த மலையை மூடியிருந்ததால் மொன்டானா வழியாகச் சுற்றிப் போனோம். போகிற வழியில் எங்கள் டயர் இன்னொன்று வெடித்தது, வாங்கி வைத்ததை அதற்கு மாட்டினோம். அவன் கொடுத்ததும் ட்ரெய்லரில்தான் ஓடுகிறது.

டென் ஸ்லீப்பில் இருக்கிற டொமிங்கோ எலிசால்டேவுக்கு, ஆறு ஓட்டை ரிம்மோடு ஒரு டயர் நாங்கள் இன்னும் தரவேண்டும்.