வேலிக்குள் வாய்க்கரிசி

வேலாயி தன் மகன் தங்கையாவின் ஈர வேட்டி மடியில் ஒரு பிடி அரிசியை வைத்து முடிந்தாள்.

“ஒங்கப்பாவ வெறும் வாயோட அனுப்பிடாதடா.”

இடுகாடு, தேயிலைத் தோட்டத்தின் முள்வேலிக்கு வெளியே இருந்தது. வெள்ளைக்காரரின் அவசரகாலச் சட்டத்தின்படி வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசியும் போகலாகாது; காட்டில் ஒளிந்திருக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்குப் போய்விடும் என்ற அச்சம். வாயிலில் நின்று எல்லோரையும் சோதித்தவர், இப்போது பாடையில் கிடக்கும் அவன் தந்தை கருப்பையாதான்.

சென்ற மழைக்காலத்தில், கொழுந்து பறிக்கும் மலையில் சுடுகஞ்சி காய்ச்சலாமென்று தங்கையா தூக்குச்சட்டியில் அரிசி ஒளித்துச் சென்றான். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் தந்தை அதைச் செம்மண்ணில் கொட்டினார். “கை தூக்குடா” என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மகன் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பறையொலியுடன் பாடை வாயிலை அடைந்தது. இப்போது அங்கே நின்றவர் கருப்பையாவின் உதவியாளராயிருந்த பழனியப்பன். அவர் பார்வை தங்கையாவின் புடைத்த மடியில் பட்டு, உடனே விலகியது. காவலுக்கு நின்ற போலீஸ் சார்ஜனும் பனிமூடிய மலையை நோக்கித் திரும்பிக்கொண்டார்.

“போலாம்லா தம்பி. எழவு வீட்டுக்காரன யாரு தடவுவா?” என்றார் பழனியப்பன்.

தங்கையாவின் கால் எழவில்லை. ஒவ்வொரு விடியலிலும் தந்தை இதே இடத்தில் முதலில் தம் கைகளை உயர்த்துவார். பழனியப்பன் அவரைத் தடவிப் பார்த்த பிறகே தந்தை பிறர்மீது கை வைப்பார். நாள்தோறும் கண்ட அக்காட்சி, இன்றுதான் அவனுக்குள் மலைபோல் எழுந்து நின்றது.

“எறக்குங்க மாமா” என்றான், முன்னால் சுமந்தவரிடம்.

பாதிவழியில் பாடையை இறக்கித் திசை மாற்றுவது வழக்கம். அன்று அவ்விடம் வாயிலின் உட்புறமாயிற்று. பறை ஓய்ந்தது. தங்கையா முடிச்சை அவிழ்த்து, தந்தையின் வாயில் அரிசியை இட்டான். மடியை உதறினான். பிறகு எவரும் கேளாமலே, பழனியப்பன் முன் சென்று இரு கைகளையும் உயர்த்தினான்.

பழனியப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஈர மடியைத் தடவினார். விரல்கள் ஓரிடத்தில் நின்றன.

“ஒன்னு ஒட்டிக்கிட்டிருக்கு, தம்பி.”

தங்கையா அந்த ஒற்றை அரிசியை எடுத்துச் சென்று தந்தையின் உதட்டில் வைத்தான். திரும்பி வந்து, மறுபடியும் கைகளை உயர்த்தினான்.