செப்டம்பரில் குளிர்காலம் கண்ட ரியாபினா

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் கொட்டிப் போகட்டும்.

எங்கள் யூரல் ஊரில், ஆறாம் எண் குடியிருப்பு முற்றத்தில் ஒரு ரியாபினா மரம். நகராட்சி அழகுக்காக நட்டது. அதன் சிவப்புப் பழங்களை ஆப்பிளோடு வேகவைத்து வடிகட்டி, சர்க்கரை போட்டு, இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பாகு காய்ச்சுவாள் பக்கத்து வீட்டு அக்லாயா. அந்தப் பாகு இல்லாமல் அவளுக்குக் குளிர்காலமே கிடையாது. உறைபனி விழுந்த பிறகுதான் பறிப்பாள்; அதற்கு முன் கடித்தால் கசப்பு நாக்கைச் சுருட்டிவிடும்.

செப்டம்பர் பத்தாம் தேதி நகராட்சி அதிகாரி ஜினைதா, ரம்பத்தோடு இரண்டு ஆட்களைக் கூட்டி வந்து நின்றாள்.

“பழம் விழுந்து காரெல்லாம் கறையாம். புகார் வந்திருக்கு. வெட்டணும்.”

“தின்கிற பழம்மா!” என்று மறித்தாள் அக்லாயா.

“இதை எவ தின்பா? அழகுக்கு வச்ச மரம்.”

“காய்ச்சித் தர்றேன், தின்னு பாரு.”

“சரி. நாளைக்கு மத்தியானம் ஒரு கரண்டி. நான் முகம் சுளிக்காம முழுங்கினா மரம் நிக்கும். சுளிச்சா ரம்பம்.”

வெயிலோ இருபத்து நாலு டிகிரி; எங்கள் ஊருக்கு அது கொதிக்கிற வெயில், உறைபனிக்கு வழியே இல்லை. உறைபெட்டியில் வைக்கலாமே என்பீர்கள். என்னுடையதில் முழுக்க மீன். அக்லாயா அந்தப் பெட்டியையே நம்பாதவள்.

“யோவ் கபித்தோன், பனிக்கு நான் எங்கய்யா போவேன்?” என்று என்னிடம் வந்து நின்றாள்.

“பனி எதுக்கு? குளிர்காலம் வந்துட்டதா மரம் நம்பினாப் போதும்” என்றேன்.

மறுநாள் காலை குடியிருப்பே கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக மரத்தடியில் இறங்கியது. சறுக்குவண்டியை வெறும் மண்ணில் இழுத்தோம். இல்லாத பனியை நான் மண்வாரியால் அள்ளிக் குவித்தேன். “அப்பப்பா, என்ன குளிரு!” என்று நாலு பல்லையும் தந்தியடித்தேன். வியர்வை பூட்ஸுக்குள் தேங்கியது. மரம் யோசித்தது. ஒன்பது மணிக்கு முதல் இலை உதிர்ந்தது.

அக்லாயா ஒரு பழத்தைக் கடித்தாள். “இனிக்குதுய்யா!”

அவசரமாகக் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தபோது அதுவரை தூங்கிக்கொண்டிருந்த லுக்கியான் மூன்றாம் மாடி பால்கனியில் வந்து நின்றான். பனியனோடு. கையில் ஐஸ்கிரீம்.

“என்னப்பா, வெயில் இந்தப் போடு போடுது!”

மரம் அவனைப் பார்த்துவிட்டது. அவன் பக்கத்துத் தெற்குக் கிளைக் கொத்துகள், பறித்ததும் பறிக்காததுமாக, அந்த நொடியே கசந்துபோயின. கூடையில் எது தெற்கு, எது வடக்கு? பிரிக்க நேரமில்லை. எல்லாம் பானைக்குள் போயிற்று.

மத்தியானம் ஜினைதா கரண்டியை வாயில் வைத்தாள். ரம்பக்காரன் உள்ளங்கையில் எச்சில் தொட்டுக்கொண்டான். அவளுடைய இடது புருவம் துடித்தது. அக்லாயா என் கையைப் பிடித்த பிடியில் விரல் நீலமாகிவிட்டது. புருவம் மேலே போனது, நின்றது, இறங்கியது. விழுங்கினாள்.

“இன்னொரு கரண்டி குடும்மா.”

பானையை வழித்துத் தின்றுவிட்டு, ரம்பத்தைத் திருப்பி அனுப்பினாள்.

அந்த மரத்தை வெட்டிய அடிக்கட்டையில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன்; வாயில் இப்போது ஒரு பல்லும் இல்லை.