முன் அனுமதி

"நீ சாட்சி சொல்லப் போவண்டாம்" என்று சதானந்தன் வாசலை மறித்து நின்றான். "விஜயதாஸ் மொதலாளிக்க ரப்பர் மரத்துல பால் வெட்டித்தான் இந்த வீட்டுல அடுப்பு எரியுது."

அவன் மனைவி கார்த்தியாயினி மகள் லிஜாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "எரியாட்டா எரியாண்டாம். நீரு விலகும்."

போன ஆண்டு லிஜாவுக்குப் பேறுகால வலி கண்ட மத்தியானம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆட்டோவை ரப்பர் தோட்டத்துப் பாதையில் விஜயதாஸ் மறித்தார். கையில் பன்றி சுடும் துப்பாக்கி. "உங்க ஆளுவளுக்கு நடக்கத்தான் எங்க அப்பன் வழி விட்டாரு. வண்டி ஏறிப் போவ இல்ல." துப்பாக்கி வண்டிக்குள் நீண்டது. ஆட்டோக்காரன் வண்டியைத் திருப்பினான். வண்டி போக வேறு பாதை இல்லை; துப்பாக்கியைத் தாண்டி நடக்கப் பயந்து கார்த்தியாயினி மகளைத் தாங்கிப் பிடித்துக் கால்வாய்க் கரையோரம் சுற்றி நடந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துப் போனது. அதற்கு லைசென்ஸ் இல்லை. "வழி மறிச்சது, பிள்ளை செத்தது எல்லாம் எழுதினா கேஸ் நிக்காது. துப்பாக்கிக் கேஸ் ஒண்ணு போதும். அது உறச்சு நிக்கும்" என்றார் எஸ்.ஐ. கார்த்தியாயினியும் நம்பினாள்.

அன்று கோர்ட்டில் அவள் பெயரைக் கூப்பிடவே இல்லை. அரசு வக்கீல் வராந்தாவுக்கு வந்து சொன்னார்: "லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு கேஸ் நடத்தணும்னா முதல்ல கலெக்டருக்க அனுமதி வேணும். போலீஸ் வாங்கல்ல. அவரை விட்டாச்சு."

"எனக்க மவளுக்க நேரே அதை நீட்டினதுக்கு அந்த ஆளு யாருக்க அனுமதி வாங்கினாரு, சாரே?"

வக்கீல் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். "அனுமதி கிட்டினா பின்னயும் கேஸ் எடுக்கலாம். அதுக்குப் பின்னால நடக்க ஆளு வேணும்."

படியிறங்கி வந்த விஜயதாஸ் நின்றார். "கார்த்தியாயினி, நாளைக்கு சதானந்தன வேலைக்கு வரச் சொல்லு. எனக்கு உங்ககிட்ட வெறுப்பு ஒண்ணும் இல்ல."

பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அவள் லிஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஊருக்குப் போகும் பாறசாலை பஸ் வந்தது. தாயும் மகளும் ஏறவில்லை. அடுத்து வந்த திருவனந்தபுரம் பஸ்ஸில் லிஜா முதலில் ஏறினாள்.

"எவிடேக்கா?" என்றார் கண்டக்டர்.

தாய் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "கலெக்டராபீசு. ரெண்டு டிக்கெட்டு."