காலி இருக்கையின் உயரம்

ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தைப்பவர்கள், தாம் தைத்ததில் தம் காலை நுழைத்துப் பார்ப்பதில்லை. எந்தச் சுவரிலும் அப்படி எழுதி ஒட்டவில்லை. மீறியவர் யாரென்று யாருக்கும் நினைவுமில்லை. கால் வடிவ அச்சில் மாட்டி அளவு பார்ப்பார்கள், பெட்டியில் வைத்து மூடுவார்கள். வாஹித் பாஷா ஷூ தொழிலை விட்டு, பழைய சொகுசுக் கார்களுக்குத் தோல் இருக்கை தைக்கும் பட்டறை போட்டபோது, உடன் வந்த ஆட்களோடு அந்த வழக்கமும் கூடவே வந்துவிட்டது. எந்த வண்டியானாலும் அதில் முதலில் உட்காருபவர் அதன் சொந்தக்காரர்தான்.

அங்கே அளவெடுப்பதும் தோல் வெட்டுவதும் முத்துமாரியின் வேலை. அன்று ஷபீ அஹமது வேலூரிலிருந்து வந்து, புது இருக்கை போட்ட தன் காரில் ஏறி அமர்ந்ததை அவள் பெருமையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு வயதை நெருங்கும் வண்டி. இடப்பக்கம் கிளட்ச், வலப்பக்கம் பிரேக், இரண்டுக்கும் நடுவில் ஆக்ஸிலரேட்டர். அந்தக் காலத்துச் சில கார்களை அப்படித்தான் அமைத்திருந்தார்கள்.

"மாஷா அல்லா! வெள்ளிக்கிழமை எம்பொண்ணு கல்யாணம். அவளை இதுலதான் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். பொண்ணு பக்கத்துல, நான் டிரைவர்" என்று சிரித்தார் ஷபீ அஹமது.

வண்டி மெல்ல நகர்ந்தது. கேட்டைத் திறக்கப் பட்டறைப் பையன் இன்பராஜ் முன்னால் ஓடினான். கேட்டுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றிருக்க வேண்டிய வண்டி, உறுமிக்கொண்டு பாய்ந்தது. இன்பராஜ் பக்கவாட்டில் எகிறி விழுந்தான். இரும்புக் கேட் மடங்கியது. எஞ்சின் திணறி அணைந்தது. கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன் அவன் மார்பு இருந்த இடத்தில் இப்போது ஹெட்லைட் கண்ணாடி உதிர்ந்துகொண்டிருந்தது.

பட்டறையில் தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இன்பராஜ் தரையில் உட்கார்ந்து தன் இரண்டு கால்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான்.

"நான் இருக்கேனாக்கா?"

"இருக்கடா." முத்துமாரி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வாஹித் பாஷா பதறி ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல ஷபீ பாய். இந்த நடு பெடல் எப்பவும் பேஜாருதான். கால் மாறிடுச்சு."

ஷபீ அஹமது வண்டியிலிருந்து இறங்கி, மடங்கிய கேட்டைப் பார்த்தார். "இருபது வருஷமா ஓட்டுறேன், ஒருநாளும் இப்படி ஆனதில்ல. வயசாய்டுச்சு போல. ஆளையே கொன்னிருப்பேனே..."

முத்துமாரிக்குத் தெரியும்: அவர் கால் மாறவில்லை. நடு பெடலிலிருந்து பிரேக்குக்குத் தூக்கிய முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் சிக்கி, பாதம் பழைய இடத்திலேயே விழுந்ததை அவள் கண்ணாரப் பார்த்திருந்தாள். புது இருக்கையின் உயரமும் பழையதன் உயரமும் நூல் பிசகாமல் ஒன்றுதான், அளந்தவள் அவள். ஆனால் பழையது ஸ்பிரிங் வைத்தது. ஆள் அமர்ந்தால் நான்கு விரற்கடை உள்ளே அமுங்கும். புதியதில் அவள் தேடித் தேடி வாங்கிப் போட்ட கெட்டி ஸ்பாஞ்சு; அது அமுங்காது, உட்கார்ந்தவர் முழங்கால் அத்தனையும் மேலே நிற்கும். ஆளில்லாத இருக்கையை, ஷூவை அச்சில் மாட்டிப் பார்ப்பதுபோல, அவள் அளந்திருந்தாள்.

"கேட் போனா போவுது. பூ மாதிரி ஓட்டிட்டுப் போங்க, சரியாய்டும்" என்றார் வாஹித் பாஷா. ஷபீ அஹமது தலையசைத்து மறுபடி கதவருகே வந்தார்.

முத்துமாரி அவரை முந்திக்கொண்டாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏறி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள்.

"ஏய் முத்துமாரி! இன்னா பண்ற? எறங்கு!"

தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் வலது பாதத்தை நடு பெடலில் வைத்து, பிரேக்கை நோக்கித் தூக்கினாள். முழங்கால் ஸ்டியரிங்கில் 'டக்'கென்று இடித்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு முறை இடித்தாள்.

"பாருங்க சார். என் குட்டைக் காலே வரல, உங்க கால் எப்படி வரும்? உங்க மேல தப்பில்ல. நான் எடுத்த அளவு தப்பு."

அவள் இறங்கவில்லை.

"இன்பராஜு, எழுந்து டேப் எடுத்துட்டு வா. நான் உட்கார்ந்திருக்கும்போதே அள."