கூட்டாளி தேடிப் போன ரேடியோ

பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதன் விலை வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு, தேநீர் உட்பட. ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சந்தா அது. வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்து பம்புக்கும் மருந்துக்கும் கையேடு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கொள்ளை மலிவாகப் பட்டது. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினாள். ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை.

இந்தத் தடவை போயே ஆகவேண்டியிருந்தது. மாநாடு ஒன்றில் பேச்சை உடனுக்குடன் பெயர்க்கும் வேலை வந்திருந்தது. அதற்குக் கண்ணாடி அறைக்குள் இருவர் வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் எண்களைத் தாளில் எழுதி அவர் பக்கம் தள்ளுவார், தண்ணீரை நகர்த்துவார். அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாறும். அவளுடைய பழைய கூட்டாளி கல்யாணமாகிக் கடல் கடந்துவிட்டாள். ஏஜென்சிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஜோடியா வந்தா வேலை. ஒத்தையா வந்தா வேண்டாம்மா. திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது தம்பி. அடுத்தவர் பேச்சையே பேசுகிறாளாம். கிளம்பும்போதும் போனில் நக்கல் விட்டான்: "போன உடனே நாலு பேர்கிட்ட கார்டை நீட்டு, ரேடியோ. சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்காதே."

கூட்ட அறையில் ஆட்கள் வட்டம் வட்டமாக நின்றார்கள். வெளியே நிற்பவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். ஒரு வட்டத்தின் ஓரம் போய் நின்றாள்.

"சொல்லுக்கு அவ்ளோதான் தர்றானா? அடப்பாவி!"

"பின்னே? காற்புள்ளிக்கும் சேத்தா தருவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருந்தே பழகியவள் ரேடியோ. காத்திருந்து வாயைத் திறந்தபோது பேச்சு வேறு எங்கோ போயிருந்தது.

தேநீர் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். வலப்பக்கத்து நாற்காலியில் தலைமுடியைக் குட்டையாக வெட்டிய நரைத்த அம்மாள். "வணக்கம்" என்றாள். அந்த அம்மாள் திரும்பக்கூட இல்லை. திமிர், என்று நினைத்துக்கொண்டாள்.

எதிரே, சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவரும் உள்ளூர்த் தொழிற்சாலை முதலாளியும் பம்பு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரின் இங்கிலீஷும் விலை என்று வந்ததும் காலை வாரியது. அறை முழுக்க ஜெர்மன் தெரிந்தவர்கள்தான். ஓசியில் வாயைத் திறக்கக்கூடாது என்றும் தெரிந்தவர்கள். ரேடியோவுக்குத்தான் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே நடுவில் புகுந்தாள்.

"நான் இதுக்கு மேல குறைக்க மாட்டேன்" என்றாள், ஜெர்மன்காரருக்காக. "எனக்கு இது கட்டாது" என்றாள் ஜெர்மன் மொழியில், முதலாளிக்காக. விலையும் தவணையும் தள்ளுபடியும் சரமாரியாக வந்தபோது, மேசைமேல் ஒரு துண்டுத் தாள் அவள் பக்கம் நகர்ந்தது. அதில் எண்கள். பின்னாலேயே ஒரு தம்ளர் தண்ணீர். பேச்சை நிறுத்தாமல் குடித்தாள்.

பன்னிரண்டு பம்பு படிந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னார்கள். அந்த இரண்டு நன்றியையும் அவளே சொல்லி முடித்தாள். தோள்மேல் கைபோட்டுக்கொண்டு அவர்கள் போனார்கள். அத்தனை நேரம் 'நான், நான்' என்று பேசியிருந்தாள். ஒன்றுகூட அவள் இல்லை.

திரும்பினாள். பக்கத்து நாற்காலி காலி.

தெருவில் பஸ் நிறுத்தத்தில்தான் அந்த அம்மாளைப் பிடித்தாள். பின்னாலிருந்து, இடப்பக்கமாக, "அக்கா!" என்று கூப்பிட்டாள். அசைவில்லை. சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"அக்கா, நம்பர் எழுதினது நீங்கதானே?"

"பழக்கதோஷம்மா. கையெழுத்து புரிஞ்சுதா?"

"ரெண்டு நாள் மாநாடு இருக்கு. என்கூட உக்கார்றீங்களா?"

"எனக்கு இடது காது அவுட்டு. அதான் யாரும் கூப்பிடறதில்ல."

"ஹெட்ஃபோனை ஒரு காதுலதானே மாட்டுறோம்!"

"இன்னொரு காது எதுக்குத் திறந்திருக்கு? நம்ம குரல் நமக்கே கேக்கத்தானே?"

ரேடியோ இந்தத் தடவை காத்திருக்கவில்லை. "உங்க குரல் எப்படியிருக்குன்னு நான் சொல்றேன்க்கா."

பஸ் வந்தது. அந்த அம்மாள் கையை நீட்டினார். "கார்டு குடு. யோசிச்சு ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்."

ஞாயிறு பொழுது சாய்கிறது. மேசைமேல் போன் வாய் மூடிக் கிடக்கிறது. ரேடியோவின் கணக்கு இதுவரை: கொண்டுபோன அட்டை நாற்பது, கொடுத்தது ஒன்று. ஓசியில் விற்றுக் கொடுத்த பம்பு பன்னிரண்டு. வரவு, ஒரு துண்டுத் தாளும் ஒரு தம்ளர் தண்ணீரும். வரவேண்டிய பாக்கி, ஒரு குரல்.